மம்மூட்டியின் ஆண்கள்: ஒரு நடிகரின் பாத்திரங்களில் ஆண்மையைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மம்மூட்டி பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வந்து விழுகிற சொல் ‘கம்பீரம்’. மீசை, குரல், நிமிர்ந்த கழுத்து, வேட்டியை மடித்துக் கட்டும் விதம் என்று நாலு விஷயம் சொல்லிவிட்டு, ‘அந்தக் கம்பீரம் வேற யாருக்கு வரும்?’ என்று பேச்சை முடித்துக்கொள்வோம். தளபதி தேவாவைப் பார்த்து வளர்ந்த நானும் பல வருடம் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

2019 பிப்ரவரியில் பேரன்பு வந்தது. திரையில் பெயர் வந்தபோது எனக்கு முன்வரிசையில் விசில் பறந்தது. பிறகு, அமுதவன் என்கிற அப்பா தன் மகளுக்காக ஓரிடத்தில் போய் யாரும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டு ஒரு பெண்ணிடம் அறை வாங்குகிறார். விசில் அடித்த அதே வரிசை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. தேவாவின் முகம்தான், தேவாவின் தோள்கள்தான். ஆனால் அந்த உடம்பில் திருப்பி அடிக்கும் எண்ணமே இல்லை. கம்பீரம் எங்கே போனது என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அன்றிலிருந்து அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நோட்டில் குறித்து, நண்பர்களோடு சண்டை போட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. கம்பீரம் என்பது மம்மூட்டியின் கைமுதல். அவருடைய சாதாரணப் படங்கள் அந்த முதலுக்கு வட்டி வாங்கிக்கொண்டு திருப்தி அடைகின்றன. அவருடைய பெரிய படங்கள் அந்த முதலையே நம் கண்முன் செலவழித்துத் தீர்க்கின்றன. எந்தப் படத்தில் எது நடக்கிறது என்று நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இந்த முறை மற்ற நடிகர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பார்த்தால்தான் கண் பழகும்.

முதல் படி: எந்தப் படங்களைப் பார்ப்பது?

நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. வரிசைக்கிரமமாகப் பார்ப்பதைவிட, எதிரெதிராக வைத்துப் பார்ப்பது நல்லது. விதேயனையும் (1994) பேரன்பையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். ஒரு வடக்கன் வீரகாதாவையும் (1989) தனியாவர்த்தனத்தையும் (1987) ஜோடி சேருங்கள். தி கிங் (1995) பார்த்த வாரத்திலேயே காதல் தி கோர் (2023) பாருங்கள். மதிலுகள் (1990) தனியாக, ஒரு அமைதியான ராத்திரியில். இந்த ஏழு போதும். நேரம் இருந்தால் புழு (2022), நண்பகல் நேரத்து மயக்கம், பிரமயுகம் (2024) மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நல்ல படங்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். தி கிங் போன்ற ஒரு ஆரவாரப் படத்தைப் பார்க்காமல் காதல் படத்தின் மேத்யூவைப் புரிந்துகொள்ள முடியாது. முதல் படத்தில் சேர்த்த சொத்துதான் இரண்டாவதில் செலவாகிறது.

கொஞ்சம் பின்கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1980களின் நடுவில் அவருக்கு ஒரே மாதிரிக் குடும்பத் தலைவர் வேடங்கள் வந்து குவிந்தன. கையில் ஒரு பெட்டி, கூட ஒரு மனைவி, ஒரு குழந்தை. ‘குட்டி, பெட்டி, மம்மூட்டி’ என்று கேரளத்தில் கேலி பேசும் அளவுக்குப் போய், படங்கள் வரிசையாகத் தோற்றன. அவரை மீட்டது 1987இல் ஜோஷி இயக்கிய நியூ டெல்லி. அதில் அவர் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டு, கை கால் ஊனமாகி வெளியே வரும் பத்திரிகையாளர். இதை நான் மிக முக்கியமான தகவலாக நினைக்கிறேன். நட்சத்திரமாக அவருக்குக் கிடைத்த மறுபிறவியே உடைந்த ஒரு உடம்போடுதான் கிடைத்தது. அதே வருடம்தான் தனியாவர்த்தனமும் வந்தது.

ஒரு நடைமுறை யோசனை. முதல்முறை பார்க்கும்போது முடிந்தால் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். தமிழ்க் காதுக்கு மலையாளம் பாதிக்கு மேல் புரியும். எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் கண் திரையின் கீழ்ப்பகுதியிலேயே கிடக்கும். முகம் தவறிப்போகும்.

இரண்டாம் படி: சத்தத்தை அணைத்துவிட்டு உடம்பைப் பாருங்கள்

ஒரு படத்தை முழுதாக ஒருமுறை பார்த்த பிறகு, அதில் ஒரு பத்து நிமிடத்தை மட்டும் சத்தமில்லாமல் ஓட விடுங்கள். வசனமும் பின்னணி இசையும் போய்விட்டால் ஆண்மை எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும். தாடை எந்த உயரத்தில் இருக்கிறது? கை எங்கே இருக்கிறது, சும்மா இருக்கிறதா, எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா? உட்காரும்போது எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறார்? யாராவது வரும்போது முதலில் திரும்புவது கழுத்தா, கண்ணா, முழு உடம்பா?

மம்மூட்டியிடம் நான் கவனித்தது, அவர் அதிகாரத்தைக் கழுத்துக்கு மேலே வைத்திருக்கிறார். தாடை கொஞ்சம் உயர்ந்திருக்கும். கண் கீழ்நோக்கிப் பார்க்கும். உடம்பு அதிகம் அசையாது. மோகன்லாலை இதே மாதிரி சத்தமில்லாமல் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லாலின் உடம்பு தளர்ந்து, தோள் சரிந்து, நீர் மாதிரி ஓடும். மம்மூட்டி நட்ட தூண் மாதிரி நிற்பார். ஒருவர் உசத்தி, ஒருவர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. தூணாக நிற்பவர் சாயும்போது வரும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

இதை விதேயனில் செய்து பாருங்கள். அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்கிய படம், பால் சக்கரியாவின் குறுநாவலை வைத்து எடுத்தது. கதை நடப்பது தென் கன்னடத்தில். பாஸ்கர பட்டேலர் என்கிற நிலவுடைமைக்காரர் அந்த ஊரையே ஆட்டிவைக்கிறார். பிழைப்புத் தேடிக் கேரளத்திலிருந்து வந்த தொம்மி, எம். ஆர். கோபகுமார், அவரிடம் மாட்டிக்கொள்கிறான். ஆரம்பத்திலேயே பட்டேலர் தொம்மியைக் கூப்பிட்டு, உதைத்து, முகத்தில் துப்புகிறார். இந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் மூன்று முறை பாருங்கள்.

முதல்முறை பார்க்கும்போது உதைதான் தெரியும். இரண்டாம் முறை அந்த உதையில் அவசரமே இல்லை என்பது தெரியும். காலால் ஒரு கல்லை ஓரமாகத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. கோபம் வந்து அடிப்பவனுக்கு உடம்பு இறுகும். பட்டேலருக்கு இறுகவில்லை. அடிப்பது அவருக்குக் கொட்டாவி விடுவது மாதிரி. மூன்றாம் முறை மம்மூட்டியை விட்டுவிட்டுத் தொம்மியை மட்டும் பாருங்கள். கோபகுமாரின் உடம்பு உதை வருவதற்கு முன்னாலேயே குனிந்துவிடுகிறது. பட்டேலரின் ஆண்மையில் பாதி அந்தக் குனிந்த முதுகில்தான் இருக்கிறது. அந்த முதுகு இல்லையென்றால் நாற்காலியில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் படத்தின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மனைவியைக் கொன்ற பட்டேலர் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். கூட வருவது தொம்மி ஒருவன்தான். அதே தாடை, அதே மீசை. ஆனால் அதைப் பார்த்துக் குனிய காட்டில் ஆளில்லை. மம்மூட்டி இங்கே அழவில்லை, கெஞ்சவில்லை. நடையில் ஒரு தடுமாற்றம், சுற்றும் முற்றும் பார்க்கிற கண், அவ்வளவுதான் சேர்க்கிறார். ஊர் கொடுத்த உயரத்தை ஊர் திரும்ப வாங்கிக்கொண்டது என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார். விதேயனுக்கும் பொந்தன்மாடா படத்துக்கும் சேர்த்து அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஒன்றில் கொடுங்கோல் நிலவுடைமைக்காரர், இன்னொன்றில் நிலமே இல்லாத கூலி. ஒரே விருதுக்குள் ஏணியின் மேல்படியும் கீழ்படியும்.

மூன்றாம் படி: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

இப்போது தலைகீழாகச் செய்யுங்கள். படத்தை ஓட விட்டு, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். மம்மூட்டி சினிமாவுக்கு முன் வக்கீலாக இருந்தவர். அந்தப் பயிற்சி குரலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். எந்த இடத்தில் நிறுத்தினால் எதிராளி வாயைத் திறக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

தி கிங் படத்தில் கலெக்டர் ஜோசப் அலெக்ஸ் பேசும் நீண்ட வசனங்களைக் கேளுங்கள். மலையாளமும் ஆங்கிலமும் கலந்து, மூச்சு வாங்காமல் கொட்டும். இங்கே பேச்சே ஒரு சண்டைக்காட்சி. எதிரே இருப்பவர் பதில் சொல்ல இடமே விடாமல் பேசுவதுதான் இந்தப் பாத்திரத்தின் ஆண்மை.

உடனே மதிலுகளுக்குப் போங்கள். வைக்கம் முகம்மது பஷீர் தன் சிறை வாழ்க்கையை வைத்து எழுதிய கதை. ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவே ஒரு பெரிய மதில். அந்தப் பக்கம் நாராயணி. அவளை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும் வருகிறது. இந்தப் பக்கம் பஷீராக மம்மூட்டி. ஒரு ஆண் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், ஆனால் அவளைப் பார்க்க முடியாது, தொட முடியாது, மிரட்ட முடியாது, காப்பாற்றவும் முடியாது. சினிமாவில் ஆண்மையைக் காட்ட வழக்கமாகப் பயன்படும் எல்லாக் கருவிகளும் அவன் கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது காதுதான்.

அதனால் மம்மூட்டி இங்கே செய்யும் பெரிய வேலை, கேட்பது. நாராயணி பேசும்போது அவர் முகம் மதிலை நோக்கி உயர்ந்திருக்கிறது. அதே உயர்ந்த தாடைதான், பட்டேலரிடம் நாம் பார்த்தது. பட்டேலருக்கு அது கீழே பார்ப்பதற்கான உயரம். பஷீருக்கு மேலே பார்த்துக் காத்திருப்பதற்கான உயரம். ஒரே கழுத்து, ஒரே கோணம், இரண்டு மனிதர்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வட்டார வழக்கையும் கவனியுங்கள். பட்டேலருக்குக் கன்னடம் உரசிய மலையாளம். ராஜமாணிக்யத்தில் (2005) திருவனந்தபுரம் வழக்கு, பிராஞ்சியேட்டனில் (2010) திரிச்சூர் வழக்கு. வழக்கு மாறும்போது ஆண்மையின் நிறமும் மாறுகிறது. திரிச்சூர்க்கார பிராஞ்சிக்குப் பணம் இருக்கிறது, ஊர் மதிப்பு இல்லை. அந்த ஏக்கம் முழுக்க அவன் வாக்கியத்தை முடிக்கும் ராகத்தில் இருக்கிறது.

நான்காம் படி: எதிரே நிற்பவர் என்ன விலை கொடுக்கிறார்?

இதுதான் பலர் தாண்டிப் போகும் படி. ரசிகனாக இருப்பவருக்குக் கஷ்டமான படியும்கூட. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும் கதாநாயகனை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, எதிரே இருக்கும் பெண்ணையோ, வேலைக்காரரையோ, மகனையோ பாருங்கள். அவருக்குத் தனியாக குளோசப் இருக்கிறதா? கடைசி வார்த்தை யாருடையது? காட்சி முடிந்த பிறகு அவருக்கு என்ன ஆனது என்று படம் அக்கறைப்படுகிறதா?

தி கிங்கில் ஒரு இடம். ஜோசப் அலெக்ஸ் தனக்குக் கீழே வேலை பார்க்கும் உதவி கலெக்டரின், வாணி விஸ்வநாத் நடித்த பாத்திரம், கையைப் பிடித்து, நீ ஒரு பெண், வெறும் பெண் என்று சொல்கிறார். தியேட்டர் கைதட்டியது. இந்தக் காட்சியை நடிப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக மன்னிக்கக் கூடாது என்பது என் கருத்து. நடிப்பு நன்றாக இருப்பதுதான் அங்கே பிரச்சினையே. கம்பீரம் முழு பலத்தோடு வேலை செய்கிறது, ஒரு பெண்ணின் பதவியையும் படிப்பையும் ஒரே வரியில் துடைத்துப்போட.

ஒரு வடக்கன் வீரகாதா இன்னும் சிக்கலானது. எம். டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய படம். வடகேரளத்து நாட்டுப்புறக் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளில் துரோகி என்று பெயரெடுத்த சந்துவை எடுத்து, அவன் பக்கத்துக் கதையைச் சொல்கிறது. தோற்கடிக்க முடியாத வீரன், தானே தோல்வியைத் தேர்ந்தெடுக்கிறான். வீரத்தைப் பற்றிய கேள்வி இதைவிட அழகாக வந்த படங்கள் குறைவு. ஆனால் அதே படத்தில் பெண் இனத்தையே பழிக்கும் ஒரு நீண்ட வசனமும் இருக்கிறது, அதை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் ஆண்கள் கேரளத்தில் உண்டு. ஆணின் மீதிருந்த பழியைத் துடைக்க எடுத்த துணியில் அழுக்கு பெண்ணின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது விமர்சனம் ஆகாது.

2016இல் கசபா வந்தது. மம்மூட்டி நடித்த போலீஸ் அதிகாரி, பெண் அதிகாரி ஒருவரிடம் கேவலமாக நடந்துகொள்ளும் காட்சி அதில் இருந்தது. கேரள மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் நடிகை பார்வதி அந்தக் காட்சியை வெளிப்படையாக விமர்சித்தார். அதற்காக இணையத்தில் அவர் மேல் கொட்டப்பட்ட வசவு பயங்கரமானது, திட்டியவர்கள் கைதாகும் வரைக்கும் போனது. திரையில் ஒரு நடிகர் நிறுவும் ஆண்மை திரையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஐந்து வருடம் கழித்து, 2022இல், ரதீனா என்கிற புதிய இயக்குநர் எடுத்த புழுவில் மம்மூட்டியும் பார்வதியும் சேர்ந்து நடித்தார்கள். மம்மூட்டி அண்ணன். பார்வதி, தலித் நாடகக் கலைஞரைத் திருமணம் செய்துகொண்ட தங்கை. அண்ணன் கத்துவதில்லை, மீசை முறுக்குவதில்லை. மகனின் ஒவ்வொரு நாளையும் கட்டம் போட்டு அளந்து, பாசம் என்கிற பெயரில் மூச்சுமுட்ட வைக்கிறார். சாதியும் ஆண்மையும் ஒரே பாத்திரத்தில் எப்படி ஊறிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்தை நான்காம் படிக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: கேமரா செய்வதையும் நடிகர் செய்வதையும் பிரியுங்கள்

இது சுலபம். கீழிருந்து மேல்நோக்கி வைத்த கேமரா, ஸ்லோமோஷன் நடை, பின்னால் அதிரும் பிஜிஎம், இவை இயக்குநரின் கணக்கு. நடிகரின் கணக்கில் எழுதாதீர்கள். காட்சியிலிருந்து இந்த மூன்றையும் மனதுக்குள் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பல மாஸ் காட்சிகளில் ஒன்றுமே மிஞ்சாது. பிரமயுகத்தில் கறுப்பு வெள்ளையும் இருட்டும் எவ்வளவோ வேலை செய்கின்றன, உண்மைதான். ஆனால் மம்மூட்டி நடித்த கொடுமோன் போற்றி சிரிக்கும்போது பல்லுக்குப் பின்னால் இருக்கும் பசியை எந்த விளக்கும் கொடுக்கவில்லை.

ஆறாம் படி: அழுகையைப் பாருங்கள்

ஒரு நடிகரின் ஆண்மை பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் கேட்பேன். அவர் எப்படி அழுகிறார்? எதைக் கொண்டு முகத்தை மறைக்கிறார்? யார் முன்னால் அழுகிறார், யார் வந்தவுடன் நிறுத்துகிறார்?

தனியாவர்த்தனத்தில் பாலகோபாலன் ஓவிய ஆசிரியர். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று ஊர் நம்புகிறது. அடுத்தது இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டு, அவர் எது செய்தாலும் அதைப் பைத்தியத்தின் அறிகுறியாகப் பார்க்கிறார்கள். லோகிததாஸ் எழுதி, சிபி மலயில் இயக்கியது. சம்பாதிக்கும் குடும்பத் தலைவன் என்கிற நாற்காலியிலிருந்து ஒரு மனிதனை ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்குவதை இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். மம்மூட்டியின் கண்ணைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் ஆட்களை நேராகப் பார்க்கும் கண், போகப் போக ஆட்களின் முகத்தில் தன்னைத் தேட ஆரம்பிக்கிறது. ‘நான் சரியாகத்தானே இருக்கிறேன்?’ என்று கேட்கும் கண். இது அழுகைக்கு முந்தைய இடம், அழுகையைவிடக் கொடுமையானது.

பேரன்பில் அழுகை வேறு மாதிரி. பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பும் அமுதவனிடம், மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பாவை விட்டுவிட்டு மனைவி போய்விடுகிறாள். இயக்குநர் ராம். பாப்பாவாக சாதனா. மகள் அவரை அண்ட விடமாட்டாள். அவளைச் சிரிக்க வைக்க அமுதவன் ஆடிப் பாடி வேடிக்கை காட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ராம் அவசரப்பட்டு வெட்டுவதில்லை, விட்டுப் பிடிக்கிறார். ஒரு பெரிய நட்சத்திரம், தன்னைப் பார்க்கவே விரும்பாத ஒரே ஒரு பார்வையாளருக்காகத் தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்குகிறார். ஒன்றும் பலிக்கவில்லை. மெதுவாகக் களைப்பு வருகிறது. கை தளர்கிறது. அந்தக் களைப்புதான் அழுகை.

பாப்பா பருவம் எய்திய பிறகு அப்பா நாப்கின் மாற்ற வந்தால் ஒதுங்குகிறாள். தமிழ் சினிமாவின் அப்பாக்கள் மகளுக்காக வில்லனை அடிப்பார்கள், சொத்தை விற்பார்கள். இந்த அப்பா கற்றுக்கொள்ள வேண்டியது, எப்போது வெளியே போய் நிற்க வேண்டும் என்பதை. பாதுகாப்பவன் என்கிற ஆண்மையை ஒரு கதவு தடுத்து நிறுத்துகிறது. மம்மூட்டி அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போது அவருடைய கைகளைப் பாருங்கள். என்ன செய்வதென்று தெரியாத கைகள். பட்டேலரின் கைகளுக்கு இந்தப் பிரச்சினை ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்து காதல் தி கோர். ஜியோ பேபி இயக்கம், தயாரிப்பு மம்மூட்டியின் சொந்த நிறுவனம். மேத்யூ தேவசி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார். அந்த நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்கிறார், கணவர் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று சொல்லி. ஓமனாவாக ஜோதிகா. இருபது வருடத் திருமணத்தில் அவர்கள் சேர்ந்தது நான்கே முறை என்று நீதிமன்றத்தில் சொல்லப்படுகிறது. எண்களுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

இந்தப் படத்தில் மம்மூட்டி நடிப்பைக் கூட்டவில்லை, குறைத்துக்கொண்டே போகிறார். நடை, குரல், பார்வை எதிலும் ‘இவர் இப்படிப்பட்டவர்’ என்று காட்டும் ஜாடை ஒன்றுகூட இல்லை. தன்பாலின ஈர்ப்பாளர்களைக் காட்ட நம் சினிமா வைத்திருக்கும் மலிவான கேலிச் சரக்கை அவர் தொடவே இல்லை. ஊர் மரியாதை வைத்திருக்கும் ஒரு சாதாரண ஆளாகவே இருக்கிறார். அந்த மரியாதைதான் அவருக்குச் சிறை என்பது பிறகு புரிகிறது. தன்னை மறைத்துக்கொண்டு வாழ்பவனின் நிமிர்வு இது. நாற்பது வருடமாக நாம் கம்பீரம் என்று கைதட்டிய அதே நிமிர்வு, இங்கே ஒரு மனிதன் பயத்தில் கட்டிக்கொண்ட கவசமாகத் தெரிகிறது.

கடைசியில் ஓமனாவின் முன் அவர் உடைந்து அழும்போது சத்தம் தொண்டையின் அடியிலிருந்து வருகிறது. அழுது பழக்கமில்லாத ஆணின் அழுகை, சீராக வராது, முட்டி முட்டி வரும். என் பக்கத்து சீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தார்.

ஏழாம் படி: நடிகரின் வயதையும் இடத்தையும் கணக்கில் சேருங்கள்

1951இல் பிறந்தவர். காதல் வந்தபோது 72 வயது. அந்த வயதில், அந்த இடத்தில் இருக்கும் ஒருவர் மேத்யூவாக நடிப்பதும், ஒரு புதுமுகம் நடிப்பதும் ஒன்றல்ல. படம் பார்க்க வந்த பல குடும்பங்கள் மம்மூட்டிக்காக வந்தன. வந்த இடத்தில் மேத்யூவைச் சந்தித்தன. பாத்திரத்தை மட்டும் அலசினால் இந்தப் பக்கம் விட்டுப்போகும்.

அதற்காக, திரையில் இருப்பவரையும் வீட்டில் இருப்பவரையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். மேத்யூவாக நடித்ததால் கசபா கழுவப்பட்டுவிடாது. கசபாவில் நடித்ததால் மேத்யூ பொய்யாகிவிடவும் மாட்டார்.

எட்டாம் படி: எழுதும்போது

பெயரடைகளை விடுங்கள், வினைச்சொற்களை எழுதுங்கள். ‘கம்பீரமாக நடித்தார்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘உதைக்கும்போது தாடை அசையவில்லை’ என்று எழுதினால் அவர் போய்ப் பார்ப்பார், சரியா தப்பா என்று உங்களோடு சண்டை போடுவார். ஒரு காட்சிக்கு ஒரு பக்கம் எழுதலாம், ஒரு படத்துக்கு ஒரு பக்கம் போதாது. ‘இயல்பான நடிப்பு’ என்கிற சொல்லையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பட்டேலர் இயல்பாக இல்லை, நாடகத்தனமானவர்தான். ஏனென்றால் அதிகாரமே ஒரு நாடகம், அதற்குப் பார்வையாளர் வேண்டும்.

உங்கள் நோட்டில் எழுதியது நண்பர் சொல்வதோடு முட்டினால் திரும்பப் போய்ப் பாருங்கள். நண்பகல் நேரத்து மயக்கத்தில் எனக்கு அப்படி ஆனது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் படம். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் வேனில் இருக்கும் ஜேம்ஸ், நடுவழியில் இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து போய், காணாமல் போன சுந்தரமாக மாறிவிடுகிறான். யாருடையதோ வீட்டுக்குள் நுழைந்து, அங்கே காயும் கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறான். நான் அதை ஆக்கிரமிப்பு என்று எழுதினேன், ஒரு ஆண் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட முடிகிறதே என்று. கூடப் படம் பார்த்த தோழி, கைலி கட்டும் அந்தக் கைகளைப் பார், வீட்டுக்குத் திரும்பியவனின் கைகள், என்றாள். திரும்பப் பார்த்தேன். முடிச்சைப் பார்க்காமலே கட்டுகிறார். இப்போது நோட்டில் இரண்டு குறிப்பும் இருக்கின்றன, எதையும் அடிக்கவில்லை.

இன்றிரவே தொடங்குவதாக இருந்தால் மதிலுகளில் தொடங்குங்கள். நாராயணி தான் வந்திருப்பதைச் சொல்ல அந்தப் பக்கமிருந்து ஒரு காய்ந்த சுள்ளியை மேலே எறிவாள். இந்தப் பக்கம் பஷீர் வானத்தைப் பார்த்து நிற்பார். சுள்ளி மதிலுக்கு மேலே தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்தி, அந்த முகத்தைப் பாருங்கள்.